அமெரிக்க வேலையில் உடம்பு முடியாமல் போனால்: விடுப்பும் வசதியும் கேட்டுப் பெறும் வழி

அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன பிறகும், உடம்புக்கு முடியாமல் போனால் தமக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியாதவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர். ஆஃபர் லெட்டரில் எழுதியிருக்கும் விடுமுறை நாட்கள்தான் எல்லாமே, அவை தீர்ந்தால் வேலையும் விசாவும் சேர்ந்தே போய்விடும் என்ற பயத்தில் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள். கீமோதெரபி ஏற்றிக்கொண்ட மறுநாளே மீட்டிங்கில் வந்து உட்காருகிறார்கள். ஊரில் அப்பா படுத்த படுக்கையாகக் கிடக்கும்போதுகூட இங்கே வாய் திறந்து விடுப்புக் கேட்கத் தயங்குகிறார்கள்.

இவ்வளவு பாடு தேவையே இல்லை. சட்டம் இருக்கிறது, நல்ல சட்டமும்கூட. ஆனால் அது தானாக எழுந்து வந்து காப்பாற்றாது. நீங்கள் உரிய நேரத்தில், உரிய ஆளிடம், எழுத்தில் சொன்ன பிறகுதான் அதற்கு உயிர் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போகிறவருக்கு இங்கே எந்தப் பாதுகாப்பும் கிடையாது. ஆகவே யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது என்பதைத்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

முதலில்: எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும்?

நாடு முழுவதற்குமான சட்டங்கள் இரண்டு. ஒன்று, 1993-இல் வந்த குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம். எல்லோரும் எஃப்.எம்.எல்.ஏ. என்றுதான் சொல்கிறார்கள். 12 மாதத்தில் 12 வாரம் வரை விடுப்பு எடுக்கலாம், வேலை உங்களுக்காகக் காத்திருக்கும், மருத்துவக் காப்பீடும் தொடரும். சம்பளம் மட்டும் கிடையாது. இன்னொன்று, 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டமான ஏ.டி.ஏ. நோயோ குறைபாடோ இருந்தாலும் வேலையைத் தொடர்ந்து செய்யும்படி, வேலை நடக்கும் முறையில் நியாயமான மாற்றம் கேட்கும் உரிமையை அது தருகிறது. எச்.ஆர். எனப்படும் மனிதவளத் துறையின் மொழியில் இதற்கு அகாமடேஷன் என்று பெயர். இந்தக் கட்டுரையில் வசதி மாற்றம் என்று எழுதுகிறேன்.

எஃப்.எம்.எல்.ஏ.வுக்கு நான்கு தகுதிகள் வேண்டும். தனியார் நிறுவனமாக இருந்தால் 50 ஊழியர்களாவது இருக்க வேண்டும். அந்த 50 பேர் உங்கள் பணியிடத்திலிருந்து 75 மைலுக்குள் இருக்க வேண்டும். நீங்கள் அங்கே மொத்தம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். விடுப்புக்கு முந்தைய 12 மாதத்தில் 1,250 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும். வாரத்துக்குச் சுமார் 24 மணி நேரம் என்று வரும், முழுநேர ஊழியருக்கு இது பெரிய விஷயமில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள் 75 மைல் என்றதும் மலைத்துவிட வேண்டாம். உங்கள் வீடு பணியிடமாகக் கணக்கில் வராது. நீங்கள் எந்த அலுவலகத்துக்குக் கட்டுப்பட்டு வேலை செய்கிறீர்களோ, அதுதான் பணியிடம்.

கன்சல்டன்சி மூலம் கிளையன்ட் இடத்தில் வேலை செய்கிறவர்கள் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். விடுப்புக் கொடுப்பதும், திரும்பி வரும்போது வேலை கொடுப்பதும் முதன்மையாக உங்களுக்குச் சம்பளம் தரும் கன்சல்டன்சியின் பொறுப்பு. கிளையன்ட் மேனேஜரிடம் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். விடுப்பு எடுத்ததற்காக உங்களைத் தண்டிக்கவோ தடுக்கவோ கிளையன்டுக்கும் உரிமை இல்லை.

ஏ.டி.ஏ.வின் வாசல் இதைவிட அகலம். 15 ஊழியர்கள் இருந்தால் போதும், 12 மாதக் காத்திருப்பும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே கேட்கலாம், நேர்முகத் தேர்வுக்கே கேட்கலாம். விசா எது, குடியுரிமை எது என்பது இதில் ஒரு பொருட்டே இல்லை.

இவற்றுக்கு மேல் மாநிலச் சட்டங்கள் உண்டு, பல இடங்களில் அவை இன்னும் தாராளம். கலிஃபோர்னியாவின் குடும்ப உரிமைச் சட்டம் 5 ஊழியர்கள் உள்ள நிறுவனத்துக்கே பொருந்தும். டெக்சஸில் இருப்பவருக்கும் நியூ ஜெர்சியில் இருப்பவருக்கும் கிடைப்பது ஒன்றல்ல. டல்லாஸில் இருக்கும் நண்பர் சொன்னதை வைத்து எடிசனில் இருந்துகொண்டு முடிவெடுக்க வேண்டாம்.

எந்த நோய் இதற்குள் வரும்?

சாதாரணச் சளி, ஒரு நாள் தலைவலி இவற்றுக்கு எஃப்.எம்.எல்.ஏ. இல்லை. ஓர் இரவாவது மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றால் வரும். தொடர்ந்து மூன்று முழு நாட்களுக்கு மேல் வேலை செய்ய முடியாமல், மருத்துவரின் தொடர் சிகிச்சையிலும் இருந்தால் வரும். ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி, சர்க்கரை நோய் போல விட்டுவிட்டுத் தொந்தரவு தருபவையும் வரும். ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறையாவது அதற்காக மருத்துவரைப் பார்த்திருக்க வேண்டும். கர்ப்பகாலப் பரிசோதனை, டயாலிசிஸ், கீமோதெரபி எல்லாம் உள்ளே.

மனநலமும் உள்ளேதான். மனச்சோர்வு, பதற்ற நோய், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு ஆகியவற்றுக்கு மருத்துவர் சிகிச்சை அளித்தால், எலும்பு முறிவுக்கு உள்ள அதே உரிமை இவற்றுக்கும் உண்டு. நம் வீடுகளில் இதை வெளியே சொல்லாமல் மூடி வைக்கும் பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தால் இங்கே வேலையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். வேலைத்திறன் சரிந்து, எச்சரிக்கைக் கடிதம் வந்து, கடைசியில் நீக்கப்பட்ட பிறகு நோயைச் சொல்வதில் பயன் மிகக் குறைவு.

அடுத்து: சொல்லும் முறை

முன்கூட்டியே தெரிந்த சிகிச்சை என்றால் 30 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். திடீரென்று வந்தால், முடிந்த அளவு சீக்கிரம். அதாவது அன்றோ, அடுத்த வேலை நாளிலோ. நீங்களே பேச முடியாத நிலையில் இருந்தால் மனைவியோ கணவரோ சொல்லலாம்.

“இன்று உடம்பு சரியில்லை, வரமாட்டேன்” என்ற ஒற்றை வரி மட்டும் போதாது. வெறுமனே உடம்பு சரியில்லை என்பது எஃப்.எம்.எல்.ஏ. அறிவிப்பாகாது என்று விதிமுறையே சொல்கிறது. சட்டத்தின் பெயரை முதல் முறை நீங்கள் சொல்லியே ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால் இது சட்டத்துக்குள் வரக்கூடிய விஷயம் என்று நிறுவனத்துக்குப் புரியும் அளவு தகவல் இருக்க வேண்டும். பெயரையும் சொல்லிவிடுவது நல்லது. இப்படி எழுதினால் போதும்:

“எனக்கு மருத்துவச் சிகிச்சை ஒன்று தேவைப்படுகிறது. மார்ச் 9 முதல் சுமார் ஐந்து வாரம் என்னால் வேலை செய்ய இயலாது என்று மருத்துவர் கூறியிருக்கிறார். இதற்கு எஃப்.எம்.எல்.ஏ. விடுப்பும், எனக்குப் பொருந்தக்கூடிய மாநில விடுப்பும் கோருகிறேன். தேவையான படிவங்களை அனுப்பிவைக்கவும்.”

என்ன நோய் என்று இதில் இல்லை. மேனேஜருக்கு அது தேவையும் இல்லை. மெயில் எச்.ஆருக்குப் போகட்டும், மேனேஜருக்கு நகல் போகட்டும், உங்கள் சொந்த மெயில் முகவரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை போகிற நாளில் முதலில் பறிபோவது கம்பெனி மெயில்தான். அதற்குள் இருக்கும் சாட்சியமும் அதோடு போய்விடும்.

நம்மவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மேனேஜரும் தமிழர், நல்ல மனிதர் என்றால், காபி குடிக்கும்போது எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள், எச்.ஆரிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அவரும் “பார்த்துக்கொள்ளலாம், கவலைப்படாதீர்கள்” என்பார், மனதாரத்தான் சொல்வார். மூன்று மாதத்தில் அவர் வேறு டீமுக்குப் போய்விடுவார். புதிதாக வந்தவருக்கு உங்கள் விடுப்பெல்லாம் காரணமில்லாத விடுப்பாகத் தெரியும். நல்ல மேனேஜரிடமும் பேசுங்கள், பேசி முடித்ததும் அதையே மெயிலில் எழுதுங்கள்.

நீங்கள் கேட்ட 5 வேலை நாட்களுக்குள் உங்களுக்குத் தகுதி உண்டா இல்லையா என்று நிறுவனம் சொல்ல வேண்டும். கூடவே மருத்துவச் சான்றிதழ் படிவம் வரும்.

படிவம்: அதிகம் சறுக்கும் இடம்

உங்கள் சொந்த நோய்க்குத் தொழிலாளர் துறையின் டபிள்யூ.எச்-380-இ படிவம், குடும்பத்தார் நோய்க்கு 380-எஃப். நிறுவனம் தன் சொந்தப் படிவத்தையும் தரலாம். திருப்பித் தர 15 நாள் அவகாசம். இவை காலண்டர் நாட்கள். சனி, ஞாயிறும் சேர்த்தி. மருத்துவர் அலுவலகத்தில் இந்தப் படிவம் மேசை மேசையாக நகர்ந்து பத்து நாள் ஆவது சகஜம். சிலர் இதற்குக் கட்டணமும் வாங்குகிறார்கள். எனவே படிவம் கையில் வந்த அன்றே கொடுத்து, கடைசித் தேதியை மேலே பெரிதாக எழுதிவிடுங்கள். முயன்றும் தாமதமானால், அந்த 15 நாள் முடிவதற்குள் எச்.ஆருக்கு எழுதிக் கூடுதல் அவகாசம் கேளுங்கள்.

மருத்துவர் எழுதியதை வாங்கிக்கொண்டு அப்படியே அனுப்பிவிடாதீர்கள், உட்கார்ந்து படியுங்கள். முக்கியமாக, எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கான பதிலைப் பாருங்கள். ஒற்றைத் தலைவலிக்காரர் ஒருவருக்கு மருத்துவர் “தேவைப்படும்போது” என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் படிவம் திரும்பி வரும். “மாதத்துக்கு 2 முதல் 3 முறை, ஒவ்வொரு முறையும் 1 முதல் 2 நாள், அடுத்த 12 மாதத்துக்கு” என்று எழுதினால் நிற்கும். “தெரியாது”, “சொல்ல இயலாது”, “வாழ்நாள் முழுவதும்” போன்ற சொற்கள் போதாமல் போகலாம் என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். மருத்துவர்கள் இதையெல்லாம் கவனித்துப் படிப்பதில்லை. நீங்கள்தான் பணிவாகச் சொல்லி எழுதி வாங்க வேண்டும். எண்ணிக்கையைக் குறைத்தும் எழுத வேண்டாம்; மாதம் ஒரு முறை என்று இருந்தால், மூன்றாவது முறை விடுப்பு எடுக்கும்போது கேள்வி வரும்.

படிவம் முழுமையாக இல்லை என்று நிறுவனம் கருதினால், என்ன குறை என்பதை எழுத்தில் சொல்லி, சரிசெய்ய 7 நாள் தர வேண்டும். விளக்கம் கேட்க மருத்துவரைத் தொடர்பு கொள்ளலாம், ஆனால் உங்கள் நேரடி மேலாளர் ஒருபோதும் அதைச் செய்யக்கூடாது, எச்.ஆர். போன்றவர்கள்தான் பேச வேண்டும். இரண்டாவது மருத்துவரின் கருத்து வேண்டுமென்றால் செலவு நிறுவனத்துடையது.

12 வாரத்தையும் மொத்தமாக எடுக்க வேண்டிய அவசியமில்லை என்பது பலருக்கு இங்கே தெரியவரும் புதுச் செய்தி. மருத்துவக் காரணம் இருந்தால் நாட்களாகவும், மணி நேரமாகவும் பிரித்து எடுக்கலாம். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், மாதம் ஒரு கீமோ, செவ்வாய் மாலை மனநல ஆலோசனை எல்லாம் இப்படித்தான் நடக்கின்றன.

ஊரில் அம்மா அப்பாவுக்கு முடியவில்லை என்றால்

இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். நம்மில் பலருக்கு இந்தச் சட்டம் முதலில் தேவைப்படுவது தமக்காக அல்ல, பெற்றோருக்காகத்தான்.

திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவுக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை. நீங்கள் போய்ப் பார்த்துக்கொள்ள எஃப்.எம்.எல்.ஏ. விடுப்பு உண்டா? உண்டு. அம்மா அமெரிக்காவில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அம்மா இருக்கும் நாட்டில் மருத்துவம் பார்க்கும் உரிமை பெற்ற மருத்துவர் தரும் சான்றிதழை நிறுவனம் ஏற்க வேண்டும். அது தமிழில் இருந்து, நிறுவனம் கேட்டால், ஆங்கில மொழிபெயர்ப்பை நீங்கள் தர வேண்டும்.

சிக்கல் சான்றிதழின் வடிவத்தில்தான் வரும். நம் ஊர் மருத்துவர் தம் லெட்டர்பேடில் “அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டுள்ளது, நான்கு வாரம் ஓய்வு தேவை” என்று இரண்டு வரி எழுதி, ரப்பர் ஸ்டாம்பு குத்திக் கொடுப்பார். அது அம்மாவுக்கு ஓய்வு தேவை என்பதைச் சொல்கிறது. நீங்கள் உடன் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. 380-எஃப் படிவத்தை வாட்ஸ்அப்பில் தம்பிக்கோ அக்காவுக்கோ அனுப்பி, அச்செடுத்து மருத்துவரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். நோய் தொடங்கிய தேதி, எத்தனை நாள் நீடிக்கும், நோயாளிக்கு என்னென்ன உதவி தேவை, அதற்கு எத்தனை நாள் நீங்கள் உடனிருக்க வேண்டும் ஆகிய நான்கும் அதில் கட்டாயம் இருக்கட்டும். எழுப்பி உட்காரவைப்பது, குளிப்பாட்டுவது, மருத்துவமனைக்கு அழைத்துப் போவது மட்டுமே பராமரிப்பு அல்ல. கடும் நோயில் இருக்கும் பெற்றோருக்குப் பக்கத்தில் இருந்து மனத்தெம்பு தருவதையும் சட்டம் பராமரிப்பாகவே கொள்கிறது.

மாமனார், மாமியாருக்கு எஃப்.எம்.எல்.ஏ. இல்லை. இது நம் குடும்ப அமைப்புக்குப் பெரிய குறைதான். உங்கள் மாமியாருக்காக விடுப்புக் கேட்க வேண்டியவர் உங்கள் துணைவர். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூ யார்க் மாநிலங்களின் குடும்ப விடுப்பில் மாமனார் மாமியாரும் உண்டு. இன்னொரு வாசலும் இருக்கிறது: பெற்றோர் இடத்தில் இருந்து உங்களை வளர்த்தவர் பெற்றோராகவே கருதப்படுவார். சிறுவயதில் உங்களைத் தூக்கி வளர்த்த பாட்டியோ பெரியப்பாவோ இதில் வரலாம். அதற்குச் சான்றாக உறவை விளக்கும் எளிய கடிதம் ஒன்றை நிறுவனம் கேட்கலாம்.

புறப்படும் முன் விசா முத்திரையைப் பாருங்கள். அது காலாவதியாகி, சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்முகத்துக்குக் காத்திருக்க நேர்ந்தால், அந்த நாட்கள் எஃப்.எம்.எல்.ஏ.வுக்குள் வராது, அம்மாவின் பராமரிப்பு முடிந்ததும் விடுப்பும் முடிந்துவிடும். அந்த இடைவெளிக்கு என்ன ஏற்பாடு என்பதை முன்பே எச்.ஆரிடம் எழுதிப் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் எங்கிருந்து வரும்?

எஃப்.எம்.எல்.ஏ. சம்பளம் தராது. சேர்த்துவைத்த விடுமுறை நாட்களை அதோடு சேர்த்து ஓட்டலாம். நிறுவனமே அப்படிக் கட்டாயப்படுத்தவும் செய்யலாம். சில மாநிலங்களில் காப்பீட்டுத் திட்டம் பணம் தருகிறது. கலிஃபோர்னியாவில் சம்பளச் சீட்டில் எஸ்.டி.ஐ., அதாவது மாநில இயலாமைக் காப்பீடு, என்று ஒரு பிடித்தம் இருக்கும். சொந்த நோய்க்கு 52 வாரம் வரை, வருமானத்தைப் பொறுத்துச் சம்பளத்தில் 70 முதல் 90 சதவீதம் வரை கிடைக்கும், அதற்கு உச்சவரம்பு உண்டு. நியூ ஜெர்சியில் 26 வாரம் வரை. நியூ யார்க், வாஷிங்டன், மாசசூசெட்ஸ், கனெக்டிகட், ஆரிகன், கொலராடோ மாநிலங்களிலும் இப்படி உண்டு. டெக்சஸிலும் ஜார்ஜியாவிலும் தனியார் ஊழியருக்கு இத்தகைய மாநிலத் திட்டம் இல்லை.

மாநிலத் திட்டம் இல்லாத இடங்களில் இருப்பவர்கள் வேலையில் சேரும்போதே, நோயால் வேலை செய்ய முடியாத காலத்துக்குப் பணம் தரும் ஷார்ட் டேர்ம் டிசெபிலிட்டி காப்பீட்டை நிறுவனம் தந்தால் அதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். நோய் வந்த பிறகு சேர்வது கடினம். ஒன்றை நினைவில் வையுங்கள்: காப்பீட்டுக் கம்பெனி பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது என்பதால் வேலைப் பாதுகாப்பும் கிடைத்துவிட்டதாகாது. இரண்டும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கடிதம். சம்பளம் இல்லாத மாதங்களில் மருத்துவக் காப்பீட்டில் உங்கள் பங்குப் பிரீமியத்தை எப்படிக் கட்டுவது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எச்-1பி விசாவில் இருப்பவருக்கு

வேலை செய்யாமல், சம்பளம் வாங்காமல் இருந்தால் விசா நிலை போய்விடுமோ என்ற பயம்தான் பலர் வாயைக் கட்டிப்போடுகிறது. எச்-1பி விதிகளின்படி, வேலை இல்லாமல் உட்காரவைத்தாலும் நிறுவனம் சம்பளம் தர வேண்டும். ஆனால் பிரசவம், விபத்து, நோய், குடும்பத்தாரைப் பார்த்துக்கொள்வது போன்ற காரணத்துக்காக ஊழியர் தாமே கேட்டு விடுப்பில் இருந்தால் அந்தக் கடமை இல்லை. வேலைத் தொடர்பு நீடிக்கும்வரை, முறையாக அனுமதிக்கப்பட்ட மருத்துவ விடுப்பில் இருப்பதாலேயே நிலை போய்விடாது. பின்னாளில் நிறுவனம் மாறும்போதோ நீட்டிப்பின்போதோ, இந்த மாதங்களில் சம்பளச் சீட்டு ஏன் இல்லை என்று கேட்பார்கள். விடுப்பு அனுமதிக் கடிதம், மருத்துவச் சான்றிதழ், காப்பீட்டுப் பணம் வந்த விவரம் மூன்றையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

இதை எதிர்த்திசையில் பயன்படுத்தும் சில கன்சல்டன்சிகளும் உண்டு. ப்ராஜெக்ட் இல்லாத நேரத்தில் “மருத்துவ விடுப்பு என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள்” என்பார்கள். சம்பளம் தராமல் தப்பிக்கும் வழி அது. நோய் இல்லாமல் அப்படி எழுதித் தராதீர்கள். சட்டப்படி உங்களுக்கு வரவேண்டிய சம்பளத்தை நீங்களே கைவிட்டதாகிவிடும், பொய்யான பதிவும் உங்கள் பெயரில் நிற்கும்.

ஊரில் பெற்றோருடன் கழித்த நாட்களை எச்-1பியில் பொதுவாக இருக்க அனுமதிக்கும் ஆறு ஆண்டுக் கணக்கிலிருந்து கழித்துத் திரும்பப் பெறலாம். போர்டிங் பாஸையும் பாஸ்போர்ட் முத்திரைகளையும் பத்திரப்படுத்துங்கள்.

வேலையை விடாமலே வசதி கேட்பது

ஏ.டி.ஏ. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மட்டுமான சட்டம் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறவர்கள் அதிகம். 2008-இல் வந்த திருத்தம் அதன் வரம்பை வெகுவாக விரித்துவிட்டது. சர்க்கரை நோய், வலிப்பு, புற்றுநோய், மனச்சோர்வு, முதுகுத் தண்டுப் பிரச்சினை, காது கேளாமை எல்லாம் வரலாம். மாத்திரையால் கட்டுக்குள் இருந்தாலும், இப்போது அடங்கியிருந்து அவ்வப்போது வந்தாலும், உரிமை உண்டு. நம் ஊரில் கேட்பது போல 40 சதவீதச் சான்றிதழோ அரசு அடையாள அட்டையோ இங்கே தேவையில்லை.

கேட்கும்போது மூன்று விஷயம் சொன்னால் போதும்: உடலில் உள்ள சிரமம், அது வேலையில் எங்கே இடிக்கிறது, என்ன மாற்றம் வேண்டும். உதாரணமாக, வலிப்பு நோய் உள்ள ஒருவருக்குத் தூக்கம் கெட்டால் ஆபத்து. ஆனால் அவர் தினமும் இரவு பதினொன்றுக்கு இந்திய ஆஃப்ஷோர் டீமுடன் அழைப்பில் இருக்க வேண்டியிருக்கிறது. “நரம்பியல் மருத்துவர் இரவுத் தூக்கத்தைத் தவறவிடக்கூடாது என்கிறார். இரவு 9 மணிக்குப் பிந்தைய அழைப்புகளிலிருந்து விலக்கு வேண்டும்; காலை 7 மணிக்கு அந்த அழைப்பை எடுக்கத் தயார்” என்று அவர் கேட்கலாம். இந்தக் கோரிக்கை வலுவானது. வேலையைக் குறைக்கச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றச் சொல்கிறது, மாற்று வழியையும் கையோடு தருகிறது.

இன்சுலின் போட, சர்க்கரை பார்க்க இடைவேளை. காது மந்தமானவருக்கு மீட்டிங்கில் நேரடி எழுத்து வரிகள். நின்றும் உட்கார்ந்தும் வேலை செய்யும் மேசை. திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள். வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை. வேறு காலியிடத்துக்கு மாற்றம். இவை எல்லாம் கேட்கக்கூடியவை. நிறுவனம் உங்களோடு கலந்து பேசி முடிவு காண வேண்டும். நீங்கள் கேட்டதையே தர வேண்டும் என்பதில்லை. பலன் தரும் வேறு வழியை அது தேர்ந்தெடுக்கலாம். வேலையின் அடிப்படைக் கடமைகளை நீக்கவோ, எல்லோருக்கும் உள்ள இலக்கைக் குறைக்கவோ தேவையில்லை. தாங்க முடியாத செலவோ சிரமமோ என்று காட்டினால் மறுக்கலாம். உங்கள் மருத்துவ ஆவணங்கள் மற்ற பணிக் கோப்புகளிலிருந்து பிரித்து ரகசியமாக வைக்கப்பட வேண்டும்.

என்ன கேட்பது என்றே தெரியவில்லையா? ஜாப் அகாமடேஷன் நெட்வொர்க் என்ற சேவையை அழையுங்கள், எண் 1-800-526-7234. மேற்கு வர்ஜீனியாவில் 1983 முதல் இயங்குகிறது, தொழிலாளர் துறை நிதி தருகிறது, கட்டணம் இல்லை, பேசுவது ரகசியம். ஒவ்வொரு நோய்க்கும் எந்தெந்த மாற்றம் உதவும் என்று அவர்களிடம் பட்டியலே இருக்கிறது. இவ்வளவு பயனுள்ள சேவை நம்மவர்களுக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு ஆற்றாமைதான்.

கர்ப்பிணிகளுக்கு 2023 ஜூன் 27 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. குடிநீர், உட்கார இடம், கூடுதல் இடைவேளை, எடை தூக்காமல் இருப்பது போன்றவற்றை, நோய் என்று நிரூபிக்காமலேயே கேட்கலாம். நிறுவனத்தில் 15 ஊழியர்கள் இருக்க வேண்டும்.

12 வாரம் முடிந்தும் உடம்பு தேறவில்லை என்றால்

இங்கேதான் பலர் கைவிட்டு ராஜினாமா எழுதுகிறார்கள். எழுதாதீர்கள். எஃப்.எம்.எல்.ஏ. தீர்ந்தாலும் ஏ.டி.ஏ. தீரவில்லை. இன்னும் சில வாரம் விடுப்பையே வசதி மாற்றமாகக் கேட்கலாம். திரும்பும் தேதி ஒன்றைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். எப்போது என்று தெரியாத விடுப்பை நிறுவனம் தர வேண்டியதில்லை. இதில் நீதிமன்றங்களிடையே வேறுபாடு உண்டு. இல்லினாய், இந்தியானா, விஸ்கான்சின் மாநிலங்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல், பல மாத நீள விடுப்பு ஏ.டி.ஏ. வசதியாகாது என்று தீர்ப்பளித்தது. சிகாகோவில் இருப்பவர்கள் மாதங்களாகக் கேட்காமல், சில வாரங்கள், அல்லது அரைநாள் வேலை என்று கேட்பது பாதுகாப்பு.

“நூறு சதவீதம் குணமானால்தான் வரலாம்” என்று சொல்லித் தடுப்பது ஏ.டி.ஏ.வுக்கு விரோதம். எஃப்.எம்.எல்.ஏ. முடிந்து திரும்புகிறவருக்கு அதே வேலையோ, சம்பளமும் பொறுப்பும் நிகரான வேலையோ தர வேண்டும். ஆனால் விடுப்பு ஒரு கவசம் அல்ல. நீங்கள் வேலையில் இருந்திருந்தாலும் உங்கள் பிரிவு மொத்தமாகக் கலைக்கப்பட்டிருக்கும் என்றால், அது உங்களையும் சேர்த்தே கலைக்கும்.

மறுத்தால், பழிவாங்கினால்

விடுப்புக் கேட்ட பிறகு திடீரென்று வேலை மதிப்பீடு சரிந்தால், நல்ல ப்ராஜெக்டிலிருந்து நீக்கினால், தேதி போட்டுக் குறித்துவாருங்கள். யார், என்ன சொன்னார், யார் உடனிருந்தார் என்று எழுதுங்கள். பழைய நல்ல மதிப்பீடுகளை எடுத்து வையுங்கள்.

எஃப்.எம்.எல்.ஏ. புகாருக்குத் தொழிலாளர் துறையின் ஊதிய, பணிநேரப் பிரிவு, எண் 1-866-487-9243. குடியேற்ற நிலை எதுவானாலும் புகாரை ஏற்பார்கள். வழக்குத் தொடர இரண்டு ஆண்டு, வேண்டுமென்றே மீறியிருந்தால் மூன்று ஆண்டு. ஏ.டி.ஏ., கர்ப்பிணிகள் சட்டம் இரண்டுக்கும் சம வேலைவாய்ப்பு ஆணையம், எண் 1-800-669-4000. பணிநீக்கம் வரை போய்விட்டால் தொழிலாளர் சட்ட வழக்கறிஞர் ஒருவரைக் கட்டாயம் பாருங்கள்.

வேலையை விட்டு அனுப்பும்போது பிரிவுத் தொகை தருவதாகச் சொல்லி ஒரு ஒப்பந்தத்தை நீட்டுவார்கள். அதில் வழக்குப் போடும் உரிமையை விட்டுத்தரும் வரி பெரும்பாலும் இருக்கும். அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். 40 வயதோ அதற்கு மேலோ ஆனவர் வயதுப் பாகுபாட்டு உரிமையையும் சேர்த்து விட்டுத்தர வேண்டுமென்றால், யோசிக்கக் குறைந்தது 21 நாளும், கையெழுத்திட்ட பின் மனம் மாற 7 நாளும் தர வேண்டும். எச்-1பிக்காரருக்கு வேலை போன பின் அதிகபட்சம் 60 நாள் அவகாசம் ஓடிக்கொண்டிருப்பதால், வழக்கறிஞரைப் பார்ப்பதையும் புது வேலை தேடுவதையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டியிருக்கும்.

சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுக்க, சம்பவம் நடந்த நாளிலிருந்து 180 நாள்தான். மாநிலத்தில் இதற்கான அமைப்பும் சட்டமும் இருந்தால் 300 நாள். அலுவலகத்துக்குள் புகார் எழுதிவிட்டு, எச்.ஆர். விசாரித்துச் சொல்லட்டும் என்று காத்திருக்கும் நாட்களும் இந்தக் கணக்கில்தான் கழியும்.